பொழுதுபோக்கு இடமாகிவிட்ட குளக்கட்டு: வன்னிக் குளங்களைப் பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை என்று வட இலங்கையின் வன்னியிலுள்ள பெரிய குளங்கள் எல்லாமே வயலுக்கு நீர் பாய்ச்சக் கட்டப்பட்டவை. இன்று அவற்றின் கட்டுகள் மாலையில் காற்று வாங்கவும், குடும்பமாக அமர்ந்து கச்சான் கொறிக்கவும், விடுமுறையில் வந்த புலம்பெயர் உறவுகளைக் கூட்டிச்சென்று காட்டவும் ஏற்ற இடங்களாகியுள்ளன. ஊர்ப்புறத்துச் சிறிய குளங்களுக்கும் இப்போது வாங்கில், விளக்கு, சிறுவர் ஊஞ்சல், படகு எல்லாம் வந்து சேருகின்றன. இது நல்ல மாற்றமே. ஆனால் மண்கட்டு ஒன்றைப் பொழுதுபோக்கு இடமாக்கும்போது, அதன் பாதுகாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வருகின்ற கூட்டமல்ல, அந்தக் கூட்டத்தின் வசதிக்காக நாம் செய்கின்ற சிறுசிறு வேலைகளே. கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், பிரதேச சபை ஆகியவற்றில் இருந்து இப்படியொரு குளத்தைப் பராமரிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இந்தக் கருத்துக்கு உலகம் அறிந்த மிகக் கொடிய சான்று அமெரிக்காவில் உள்ளது. பென்சில்வேனியா மாநிலத்தில் வாய்க்கால் போக்குவரத்துக்கு நீர் தேக்கக் கட்டப்பட்ட சவுத் ஃபோர்க் மண் அணையைப் பின்னாளில் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று வாங்கி, கோடைகால உல்லாச ஏரியாக மாற்றியது. குதிரை வண்டிகள் எளிதாகச் செல்ல வேண்டுமென்று கட்டின் உச்சி தாழ்த்தி அகலமாக்கப்பட்டது. ஏரியில் விட்ட மீன்கள் தப்பிப் போகாதபடி மிகை நீர் வழிந்தோடும் வான் வாயில் கம்பித் தடுப்பு போடப்பட்டது. அடியில் இருந்த நீர் வெளியேற்றும் இரும்புக் குழாய்கள் முன்னைய உரிமையாளரால் கழற்றி விற்கப்பட்டிருந்தன. கழகம் அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் கம்பித் தடுப்பில் குப்பை அடைத்துக்கொள்ள, தாழ்த்தப்பட்ட உச்சிக்கு மேலாக நீர் வழிந்து அணை உடைந்தது. ஜோன்ஸ்டவுன் நகரிலும் அதனை அண்டிய ஊர்களிலும் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உச்சி, வான், நீரைத் திறந்துவிடும் மதகான துருசு என்ற மூன்றிலும் கைவைத்ததன் விளைவு அது.

நமக்கு அண்மையில், திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளக்கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கட்டின் மேல் மிகக் கனமான வாகனங்கள் ஓடியதும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கட்டின் மேல் சுற்றுலா பஸ்களை ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் கந்தளாயையே பதிலாகச் சொல்வேன்.

முதலாம் படி: பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்துதல்

பெரிய, நடுத்தரக் குளங்கள் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும், ஏறத்தாழ 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும் வருகின்றன. பூங்காவை அமைப்பது பிரதேச சபையாக இருக்கலாம். படகு விடுவது ஒரு சங்கமாக இருக்கலாம். மீன் பிடிப்பது நன்னீர் மீனவர் சங்கமாக இருக்கலாம். கட்டில் ஒரு தூணை நடுவதற்கும், துருசைத் திறப்பதற்கும், மக்களை வெளியேறச் சொல்வதற்கும் யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை இவர்கள் அனைவரும் ஒரே மேசையில் இருந்து ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெள்ளம் வரும் இரவில் பொறியியலாளரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பது பெரும் ஆபத்து.

இரண்டாம் படி: கட்டின் இன்றைய நிலையைப் பதிவு செய்தல்

பாதுகாப்பு என்பது மாற்றத்தைக் கண்டுபிடிப்பது என்பதால், முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமல் எதையும் செய்ய முடியாது. கட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 50 மீற்றருக்கு ஒன்றாகச் சிறிய எண் கற்களை நட்டுக்கொள்ளுங்கள். அவை உச்சியின் ஓரத்தில், அரை அடிக்கு மேல் ஆழமில்லாமல் நிற்கட்டும். அதன் பின்னர் "பிள்ளையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஈரம்" என்று யாரும் சொல்லத் தேவையில்லை, "7ஆம் கல்லுக்கும் 8ஆம் கல்லுக்கும் நடுவே, வெளிச்சரிவின் அடியில்" என்று எழுதலாம்.

உச்சி ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை மேசன்மார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாயைக் கொண்டே பார்த்துவிடலாம். நிறைநீர் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் இடையே விடப்பட்டுள்ள மிகையுயரம் வெள்ளத்துக்கும் அலைக்கும் ஒதுக்கிய இடமாகும். மிகையுயரம் கட்டின் நீளம் முழுவதும் நான்கு அடியாக இருந்து, ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த ஓரிடத்தில் மட்டும் இரண்டு அடியாக இருந்தால், அந்தக் கட்டின் மிகையுயரம் இரண்டு அடிதான். நீர் அந்த இடத்தையே தேடி வழியும். வழிந்த இடத்தில் மண்ணை அரித்து, சில மணி நேரத்தில் கட்டை அறுத்துவிடும்.

போர்க்காலத்தில் கட்டை ஒட்டிப் பதுங்கு குழியோ காவலரணோ வெட்டப்பட்டிருந்ததா என்பதையும் ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். அவசரத்தில் தூர்க்கப்பட்ட குழியின் மண் இறுகாமல் இருக்கும். நீர் அதற்குள் வழி கண்டுகொள்ளும். புதிதாகத் தோண்டும் எந்த வேலைக்கும் முன்னர், அந்தக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டதுதானா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், அவ்விடத்தைத் தூரத்திலிருந்து அடையாளமிட்டுப் பொலிசுக்கு 119இல் அறிவியுங்கள்.

மூன்றாம் படி: வாராந்த நடை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியுமென்றால் இதையே செய்யுங்கள். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஒரு கட்டுக்கு, அதை நன்கு அறிந்த இரண்டு கண்களே கருவி. கோடையில் வாரம் ஒரு முறையும், மாரியில் நாளுக்கு ஒரு முறையும், நீர் நிறைமட்டத்தை நெருங்கிய பின்னர் இரவிலும் நடக்க வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து நடப்பதும், மாதத்துக்கு ஒரு முறை வேறொருவர் அவரோடு சேர்ந்து நடப்பதும் நல்லது. பழகிய கண் சிறிய மாற்றத்தைப் பிடிக்கும், புதிய கண் பழகிப்போன குறையைப் பிடிக்கும்.

உச்சியால் மட்டும் போய்வருவது பரிசோதனையாகாது. போகும்போது உட்புறக் கல்லடுக்கைப் பார்த்தபடி நீரோரமாகவும், திரும்பும்போது வெளிச்சரிவின் அடிவாரத்தாலும் வர வேண்டும். அடிவாரத்தில் புல் ஓரிடத்தில் மட்டும் கோடையிலும் பச்சையாக நிற்பது, காய்ந்த நிலத்தில் கோரைப்புல் முளைப்பது, செருப்புப் பதியும் அளவுக்கு மண் மெத்தென்று இருப்பது ஆகியவையே கசிவின் முதல் அடையாளங்கள். அதிகாலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பார்த்தால் சரிவின் பள்ளமும் புடைப்பும் நிழலால் தெளிவாகத் தெரியும். நண்பகலில் எல்லாம் சமமாகவே தோன்றும்.

வெடிப்பு இருந்தால் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே முதற் கேள்வி. கட்டின் நீளத்தோடு ஓடும் வெடிப்பு, சரிவு வழுக்கத் தொடங்குவதைக் காட்டக்கூடும். குறுக்காக, குளத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓடும் வெடிப்பு நீருக்கு நேர்வழி திறப்பதால் இன்னும் ஆபத்தானது. இரு முனைகளிலும் முளை அடித்து, நாளையும் அகலத்தையும் கொப்பியில் எழுதி, மழைநீர் இறங்காதபடி பொலித்தீனால் மூடிவிட்டுத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பொறியியலாளர் பார்க்குமுன் மண்ணைப் போட்டு நிரப்பினால் வெடிப்பு மறையும், காரணம் உள்ளேயே இருக்கும்.

வன்னியில் விலங்குகளை மறக்கக் கூடாது. முள்ளம்பன்றியும் உடும்பும் தோண்டும் வளைகள், கறையான் புற்றுகள், மாடுகள் தினமும் நீருக்கு இறங்கும் தடம், யானை ஏறிக் கடந்த இடம் எல்லாமே எண் கல்லோடு பதிவாக வேண்டும். கறையான் புற்றை மேலாக வெட்டிச் சமன் செய்வதில் பயனில்லை. அதன் கீழே செல்லும் பொந்துகள் திறந்து, களிமண்ணிட்டு இடித்து இறுக்கப்பட வேண்டும்.

மரங்கள் பற்றி ஊரில் எப்போதும் வாக்குவாதம் வரும். நிழலுக்கு மரம் வேண்டும் என்பது வருவோரின் விருப்பம். ஆனால் கட்டின் உடம்பில் பெருமரம் நிற்கக் கூடாது. காற்றில் சாயும் மரம் வேரோடு ஒரு பாரம் மண்ணையும் பிடுங்கிக்கொண்டு விழும். வெட்டிவிட்ட மரத்தின் வேர் உக்கிப்போன பாதையால் நீர் நடக்கும். இளங்கன்றுகளை உடனே பிடுங்கிவிட வேண்டும். ஏற்கெனவே பெரிதாக நிற்கும் ஆலையோ மருதையோ அவசரமாகத் தறிக்காமல், வேரைத் தோண்டி எடுத்து மீள நிரப்புவது எப்படி என்று பொறியியலாளரிடம் கேட்டே செய்ய வேண்டும். நிழல் மரங்களுக்கு உரிய இடம் அடிவாரத்திலிருந்து நன்கு தள்ளிய சமநிலம்.

நான்காம் படி: கசிவை அளத்தல்

மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியும். கசிவு தெளிந்த நீராக, குளத்தின் மட்டத்தோடு கூடிக் குறைந்து வரும்வரை அது கண்காணிக்க வேண்டிய விடயம் மட்டுமே. கலங்கி வந்தால், கட்டு உள்ளிருந்து மண்ணை இழக்கிறது என்று பொருள்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் கசிவு நீரைப் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வைத்துவிட்டு, அடியில் மண்டி படிகிறதா என்று பாருங்கள். பிறகு கசிவை ஒரு சிறு குழாயால் வழிப்படுத்தி, 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று எண்ணுங்கள். 50 செக்கன் ஆனால் செக்கனுக்கு 0.2 லீற்றர், அடுத்த வாரம் 25 செக்கனில் நிரம்பினால் கசிவு இரட்டித்துவிட்டது. அதே வாரத்தில் குளத்தின் மட்டம் உயர்ந்ததா, மழை பெய்ததா என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். மட்டம் உயராமல், மழையும் இல்லாமல், கசிவு மட்டும் கூடினால் அன்றே அறிவிக்க வேண்டும்.

பூங்காக்காரர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான வேண்டுகோள் உண்டு. வெளிச்சரிவில் பூச்செடி நட்டு நீர் விசிறினால், எது கசிவு, எது பூந்தோட்டத்து நீர் என்று யாருக்கும் தெரியாமற் போகும். கழிப்பறைக் குழியும் கைகழுவும் தொட்டியும் அடிவாரத்தில் இருந்தாலும் இதே கேடுதான். வெளிச்சரிவில் குட்டையான புல்லைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

அடிவாரத்தில் மணல் கொப்பளித்து, கலங்கிய நீர் ஊற்றெடுத்தால், அதைக் களிமண்ணாலோ பொலித்தீனாலோ அடைக்க முனைவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் தவறான வழி. அடைத்த நீர் உள்ளே அழுத்தம் கூடி வேறிடத்தால் பீறிடும். நீரை விட்டு, மண்ணை மட்டும் மறிக்க வேண்டும்: ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன் மேல் சிறு சல்லி, அதன் மேல் கருங்கல் என்று அடுக்கி, தேவையானால் சுற்றிவர மண்மூடைகளால் வளையம் கட்டி நீர்மட்டத்தைச் சற்று உயர்த்துங்கள். வெளியேறும் நீர் தெளிந்தால் அப்போதைக்கு நேரம் கிடைத்திருக்கிறது. குளத்தின் உட்பக்கத்தில் சுழி தெரிந்தால் அந்த வாயை வைக்கோலும் மண்மூடையும் இட்டு அடைப்பது உதவும். ஆனால் அங்கே எவரும் நீரில் இறங்கக் கூடாது. இதற்கான பருமணலும் சல்லியும் வெற்றுச் சாக்குகளும் புரட்டாதி முடியுமுன்னரே கட்டின் அருகில் குவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெள்ளத்தில் லொறி வராது.

ஐந்தாம் படி: வானையும் துருசையும் திறந்து வைத்தல்

வான் பாய்வதைப் பார்க்கவே கார்த்திகை, மார்கழியில் கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டத்துக்காக வானின் குறுக்கே நடைபாலம் போட்டு, அதன் தூண்களில் மரக்கிளைகள் சிக்க விடுவது சவுத் ஃபோர்க்கின் தவறை மீண்டும் செய்வதாகும். இங்கே வழக்கமாகக் காண்பது இரண்டு: விட்ட மீன்குஞ்சுகள் தப்பாமல் வானின் குறுக்கே வலை கட்டுவது, சிறுபோகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நீர் மறிக்க வான் சுவரின் மேல் மண்மூடை அடுக்குவது. இரண்டுக்கும் பின்னால் இருப்பது பிழைப்பு என்பதை நான் அறிவேன். ஆனாலும் இரண்டையும் மறுக்க வேண்டும். ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் களைகள் படர்ந்த குளத்தில் வலை ஓர் இரவிலேயே சுவராகிவிடும். மண்மூடை ஓர் அடி உயர்ந்தால் மிகையுயரத்தில் ஓர் அடி போய்விடும். மீனுக்கு வேறு வழி வேண்டுமானால், வானுக்கு வெகுதூரம் உள்ளே, வெள்ளத்தில் தானாக அறுந்துபோகும்படியான வேலியை மீனவர் சங்கத்தோடு பேசி, திணைக்களத்தின் சம்மதத்தோடு அமைக்கலாம்.

துருசுக் கதவை ஆண்டுக்கு இரு முறையாவது முழுவதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, திருகுத்தண்டுக்குக் கிறீஸ் பூச வேண்டும். பொழுதுபோக்கு இடங்களில் துருசின் வாயை அடைப்பது பிளாஸ்டிக் போத்தலும் சொப்பிங் பையுமே. கைபிடியும் சாவியும் எவரிடம் உள்ளன என்பது குறைந்தது மூவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசரம் என்றாலும் நீரை மிக வேகமாக இறக்கக் கூடாது; நனைந்து கனத்த உட்சரிவு, தாங்கி நின்ற நீர் திடீரென விலகும்போது வழுக்கி இறங்கும். எவ்வளவு வேகம் என்பதைப் பொறியியலாளர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும்.

ஆறாம் படி: வசதிகளை உரிய இடத்தில் அமைத்தல்

என் தீர்ப்பு எளிமையானது: கட்டைத் துளைக்கும் எதுவும், கட்டின் மேல் பாரமாக நிற்கும் எதுவும் வேண்டாம். மின்கம்பம், நீர்க்குழாய், மின்வடம் புதைக்கும் கால்வாய், கூடாரத்துக்கான கொங்கிறீட் தூண் எல்லாம் கட்டுக்கு வெளியே போகட்டும். வாங்கில்கள் தரையில் வைக்கத்தக்கனவாக, அடித்தளம் தோண்டப்படாதனவாக இருக்கலாம். வாகனத் தரிப்பிடம் கட்டின் முனைக்கு அப்பால் இயற்கை மேட்டுநிலத்தில் அமைய வேண்டும். கட்டின் இரு முனைகளிலும் நோயாளர் வண்டி வந்தால் திறக்கத்தக்க பூட்டுத் தடுப்பு போதும். மக்கள் ஏறும் இடங்களில் முறையான படிகள் கட்டினால், அவர்கள் சரிவின் வேறிடங்களைத் தேய்க்க மாட்டார்கள். குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைக்கும் நாளில் அடுப்புக்காகக் கட்டில் குழி வெட்டாமல், கல் வைத்து மூட்டும்படி கோயில் சபையுடன் பேசினால் கேட்பார்கள். குளத்து நீர் ஏறிப் பரவும் ஓரநிலமான அலைகரையை மண்ணிட்டு நிரப்பிப் பூங்காவுக்கு இடம் எடுப்பது, குளம் கொள்ளும் நீரைக் குறைத்து வெள்ள மட்டத்தை உயர்த்துவது. எந்த நிலையிலும் அதற்கு உடன்படாதீர்கள்.

ஏழாம் படி: நீரில் இறங்குவோரைக் காத்தல்

கட்டு உறுதியாக நின்றாலும் ஆட்கள் மூழ்கிப் போகலாம். குளிக்க ஓரிடத்தை மட்டும் ஒதுக்கி, கோடையில் நீர் வற்றியபோது அதன் தரையை நடந்து பார்த்து, மணல் அகழ்ந்த குழிகளும் சேறும் இல்லையென உறுதிசெய்து, மிதவைக் கயிற்றால் எல்லை கட்டுங்கள். துருசுக்கும் வானுக்கும் அருகே குளிப்பதும் படகு செல்வதும் முழுதாகத் தடை. துருசு திறந்திருக்கும்போது மேற்பரப்பு அமைதியாகவே தெரியும், இழுவை கீழே இருக்கும். முதலை உள்ள குளத்தில் அந்தி வேளையில் எவரும் நீரோரத்தில் நிற்கக் கூடாது. பலகைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், படத்தோடும் இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருவோருக்கே குளம் பழக்கமில்லை.

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி கட்டாயம். கரையில் 100 மீற்றருக்கு ஒன்றாக, மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கானில் 20 மீற்றர் நைலோன் கயிறு கட்டித் தூணில் தொங்கவிடுங்கள். கானுக்குள் கால்வாசி நீர் இருந்தால் காற்றில் விலகாமல் தூரமாக வீசலாம். மூழ்குபவரைக் காக்கக் குதித்து இரண்டாமவரும் இறப்பதை இந்தக் கயிறு தடுக்கும். 1990 என்ற நோயாளர் வண்டி இலக்கம் அதே தூணில் பெரிதாக எழுதப்படட்டும்.

எட்டாம் படி: மாரிக்கான அவசரத் திட்டம்

கட்டுக்குக் கீழே நடந்து சென்று, நீர் வந்தால் எந்த வீடு, எந்தப் பாடசாலை, எந்தத் தாழ்பாலம் முதலில் மூழ்கும் என்று பட்டியலிடுங்கள். நடக்க இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு இருப்போர் உள்ள வீடுகளுக்கு யார் போவது என்பதும் பெயரோடு எழுதப்பட வேண்டும். வன்னிக் குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடர்ந்து அமைந்தவை. மேலேயுள்ள சிறு குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் உங்கள் குளத்துக்கே வரும். ஆகவே மேற்குளத்தைப் பார்ப்பவரோடு மாரி முழுவதும் தொடர்பு இருக்க வேண்டும்.

எச்சரிக்கையை மூன்று நிலையாக வையுங்கள். நீர் வான் மட்டத்தைத் தொட்டால், அல்லது புதிய கசிவு தெரிந்தால், கவன நிலை: கட்டில் பொதுமக்களுக்கு இடமில்லை, படகுகள் கரையேறும், இரவுக் காவல் தொடங்கும். வான் பாய்ந்தும் மட்டம் ஏறிக்கொண்டே இருந்தால், அல்லது கசிவு கலங்கினால், ஆயத்த நிலை: கிராம அலுவலர், திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகியோருக்கு அறிவித்து, நடக்க இயலாதோரை முதலில் மாற்ற வேண்டும். நீர் உச்சியை நெருங்கினால், சரிவு வழுக்கினால், அல்லது கலங்கிய கசிவு வேகமாகப் பெருத்தால், வெளியேற்ற நிலை: எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஊரை மேட்டுக்கு எடுக்க வேண்டும். கைபேசிக் கோபுரம் செயலிழக்கலாம் என்பதால் கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி என்று எது அருகில் உண்டோ அதன் அடையாள ஒலியை முன்கூட்டியே தீர்மானித்து, ஐப்பசி பிறக்குமுன் ஒரு தடவை பகலில் ஒத்திகை பாருங்கள். வான்கதவு திறக்குமுன்னும் அதே ஒலி கொடுக்கப்பட வேண்டும்; கீழே வாய்க்காலில் குளிப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது.

ஒன்பதாம் படி: ஆவணித் திருத்தங்கள்

நீர் மிகவும் வற்றிய ஆவணியே உட்புற அடிவாரத்தையும் துருசின் வாயையும் நேராகப் பார்க்கக் கிடைக்கும் காலம். கொப்பியில் ஆண்டு முழுவதும் எழுதிய குறைகளை எண் கல் வரிசையில் அடுக்கி, பொறியியலாளரோடு ஒரு நாள் நடந்து, எது உடனே, எது அடுத்த ஆண்டு என்று தீர்மானியுங்கள். குழிகளை நிரப்பும்போது வேரும் புல்லும் நீக்கி, பழைய மண்ணைப் படிப்படியாக வெட்டி, பொருத்தமான மண்ணை 15 சென்ரிமீற்றருக்கு மேற்படாத படைகளாக இட்டு, கையில் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு ஈரமாக்கி, ஒவ்வொரு படையையும் இடித்து இறுக்க வேண்டும். ஜேசிபி வாளியால் கொட்டித் தட்டிவிட்டுப் போகும் மண் முதல் மழையிலேயே இறங்கிவிடும். உச்சியின் தேய்ந்த இடங்களை முதலில் உயர்த்துங்கள், கழன்ற கல்லடுக்கை அடுத்ததாகப் பாருங்கள், பணம் மிஞ்சினால் பிறகு வாங்கிலுக்கு வர்ணம் பூசலாம். எல்லா மண்வேலையும் புரட்டாதி நடுப்பகுதிக்குள் முடிந்து, நிரப்பிய இடத்தில் புல் வேர்பிடிக்க ஒரு மாதமாவது கிடைக்க வேண்டும்.